தண்டிற்கு வந்த தையற்பொறி

பிழைப்பிற்காக ஊர் பெயர்ந்தவர்களின் இல்லங்களில் பட்டயமும் பத்திரமும் மிகுதியாக இருப்பதில்லை. கையில் கொண்டுவந்தவை சில. வந்த இடத்தில் சேர்த்தவையும் சிலவே. ஆயினும் வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் வீடுகள் பலவற்றின் மூலையில், பழம்புடவையால் மூடப்பட்டு, ஒரு பொருள் நிற்பதைக் காண்கிறோம். கருநிற இரும்பு உடல். அதன்மேல் மங்கிய பொன்வண்ணச் சித்திரம். கீழே வார்ப்பிரும்புக் கால்கள். அதுவே தையற்பொறி, நம் வீட்டார் வழங்கும் சொல்லில் தையல் மிஷின்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டிலும் அத்தகைய ஒன்று உண்டு. பழைய இரும்பு வாங்க வருபவர் அதற்கு எடைக்கணக்கில் விலை கூறுகிறார். உணவு விடுதிக்கு அலங்கார மேசை தேடுபவர், மேற்பகுதி வேண்டா, கால்கள் மட்டும் போதும் என்கிறார். கொடுத்துவிடலாமா, வைத்துக் காக்கலாமா? இவ்வினாவிற்கு விடை காணுமுன் அப்பொறி வந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டில் தாம் அமைத்த பொறிக்கு உரிமை பெற்றார். அவருடைய பொறிகள் பாரிசு நகரில் படைவீரர்க்குச் சீருடை தைத்தன. தங்கள் பிழைப்பில் மண் விழும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் திரண்டு சென்று அவற்றை உடைத்தெறிந்தனர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே என்பவர், காது நுனியில் அமைந்த ஊசியையும் அடிநூலைக் கொண்டு செல்லும் ஓடத்தையும் இணைத்து 1846இல் உரிமை பெற்றார். ஊசி துணிக்குக் கீழே இறங்கிச் சற்றே மேலெழும்போது நூல் ஒரு கண்ணியாக வளைகிறது. தறியில் ஓடும் நாடாவைப் போல், தையற்காரர் ஷட்டில் என வழங்கும் சிறு ஓடம் அக்கண்ணியினூடே பாய்கிறது. மேல்நூலும் அடிநூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. தையல் பிரியாமல் நிற்பதன் சூட்சுமம் இதுதான்.

ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் உரிமை பெற்ற பொறியில் ஊசி நேராக மேலும் கீழும் இயங்கியது. அவருடைய நிறுவனம் அதே பத்தாண்டிற்குள் தவணைமுறை விற்பனையையும் தொடங்கிற்று. முழு விலையையும் ஒருசேரக் கொடுக்க இயலாத குடும்பம், தைத்து ஈட்டிய பொருளைக் கொண்டே பொறியின் கடனைத் தீர்க்க வழி பிறந்தது. 1885இல் ஸ்காத்லாந்தின் கிளைடுபாங்கு நகரில் அந்நிறுவனம் மாபெரும் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தது. நம் நாட்டு வீடுகளிலுள்ள பழைய சிங்கர் பொறிகள் பல அங்கே பிறந்தவை. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. எனினும் அவ்வூரிலுள்ள புகைவண்டி நிலையம் ஒன்று இன்றும் சிங்கர் என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

இந்தியாவில் இதன் விற்பனையைப் பம்பாயிலிருந்து நெடுங்காலம் நடத்தியவர் என். எம். பட்டேல் என்னும் பார்சிப் பெருமகனார். அவர் எதிர்கொண்ட இடர் ஒன்று உண்டு. புடவையும் வேட்டியும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுக்கப்படுபவை. அவற்றிற்குத் தையல் எதற்கு? ஆனால் தையலுக்குக் குறைவில்லாத இடங்களும் நம் நாட்டில் இருந்தன. பெங்களூர் அவற்றுள் ஒன்று.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை, அவ்வூர்க் காய்ச்சலுக்கு அஞ்சி 1809இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அப்படை தங்கிய பகுதியைப் பொதுமக்கள் தண்டு என்றனர். படையின் பின்னே தமிழ்நாட்டிலிருந்து சிப்பாய்களும் வணிகர்களும் கொத்தர்களும் சமையற்காரர்களும் தையற்காரர்களும் வந்து அல்சூரிலும், இன்று சிவாஜி நகர் எனப்படும் பழைய பிளாக்பள்ளியிலும் குடியேறினர். சிப்பாய்க்குச் சட்டை, துரைக்குக் கோட்டு, துரைசானிக்குக் கவுன் என்று ஊசிக்கு ஓய்வில்லை. பாரிசில் சீருடை தைக்கப் பிறந்த பொறி, தண்டிலும் படையை ஒட்டியே வேலை கண்டது எனலாம். 1947இல் தண்டு மைசூர் அரசிடம் திரும்பியது, துரைமார் கப்பலேறினர், பொறியும் தமிழரும் இங்கேயே தங்கினர். அதற்குள் ரவிக்கையும் பள்ளிப் பிள்ளையின் சட்டையும் எல்லா வீடுகளிலும் நுழைந்துவிட்டன. 1930களில் கல்கத்தாவில் தோன்றிய உஷா பொறியும் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் பாட்டனாரின் ஆலைக்கூலி அரிசிக்கும் வாடகைக்கும் சரியாய்ப் போயிற்று. பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் பாட்டியாரின் மிதிபலகையிலிருந்து வந்தது. அண்டை வீட்டுக் கன்னடப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு திண்ணைக்கு வந்தனர். அளவு எடுக்கும்போதே பாட்டியார் கன்னடம் கற்றார். ஊரில் நாம் வேரூன்றிய வகை இதுவன்றோ?

அண்ணல் காந்தியடிகள் இயந்திரங்களைக் கடிந்தவர் என்பதை யாவரும் அறிவோம். ஆனால் 1924இல் சாந்திநிகேதன மாணவர் இராமச்சந்திரன் அதுபற்றி வினவியபோது, தையற்பொறிக்கு அவர் விலக்கு அளித்தார். மனைவி ஊசியும் கையுமாய் வருந்துவதைக் கண்டு, அன்பினால் சிங்கர் இதனைப் படைத்தார் என்பது அவர் கேள்வியுற்ற வரலாறு. உண்மையில், சிங்கர் 1850இல் பாஸ்டன் பட்டறை ஒன்றில் பிறர் செய்த பொறியைக் கண்டு அதைத் திருத்தப் புகுந்தவர்; அவர் நோக்கம் வாணிகமே. ஆயினும் அண்ணலின் கருத்து வேறொரு வழியில் மெய்யாயிற்று. இப்பொறி மின்சாரத்தையும் முதலாளியையும் எதிர்பாராமல், மிதிக்கும் காலுக்கே கட்டுப்பட்டு நின்றது. இன்று பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்தொகையினராய் வேலை செய்கின்றனர். அங்கே விசைப்பொறியின் வேகத்திற்குக் கை ஓட வேண்டும். வீட்டிலோ கையின் வேகத்திற்குப் பொறி ஓடிற்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

பழம்பொறியின் மதிப்பை அறியாதார் இருவகையினர். ஒருவர் அதைப் பழைய இரும்பு என்பார். மற்றவர் புதையல் என்பார். 2009இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் பொறிகளுக்குள் செம்பாதரசம் என்னும் அரும்பொருள் ஒளிந்திருப்பதாக வதந்தி எழுந்தது. மக்கள் பெருந்தொகை கொடுத்து அவற்றைத் தேடி அலைந்தனர். உள்ளே அப்படி எதுவும் இல்லை. இப்பொறிகள் பேரளவில் செய்யப்பட்டவை. பெரும்பாலானவை அரும்பொருள்களும் அல்ல. அவற்றின் மதிப்பு, இன்றும் தைக்கும் என்பதில் இருக்கிறது.

அதைத் தைக்கவைப்பது அரிதன்று. நெடுநாள் நின்ற பொறியில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும்; இயங்கும் உறுப்புகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, பின் தையற்பொறிக்கென விற்கும் மெல்லிய எண்ணெயை இடுக. தேங்காயெண்ணெய் ஆகாது, அது மீண்டும் இறுகும். பொற்சித்திரத்தின் மீது ஸ்பிரிட்டு படலாகாது, மேற்பூச்சு கரைந்துவிடும். தோல்வாரை மாற்றுக. பல பழம்பொறிகளுக்கு இன்று கடையில் விற்கும் ஊசியே பொருந்தும்.

ஆகவே எடைக்குக் கேட்டவரையும் கால்களைக் கேட்டவரையும் நாம் திருப்பி அனுப்பினோம். நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பொறியின் அடித்தட்டில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பாருங்கள். சிங்கராயின் அதைக்கொண்டு அது பிறந்த ஆண்டைக் காணலாம். அதனை ஓர் ஏட்டில் எழுதுங்கள். அதன்கீழே, அப்பொறியை வாங்கியவர் யார், மிதித்தவர் யார், அவரிடம் தையல் பயின்றவர் யார் என்பதையும் எழுதிவையுங்கள். எண்ணைப் பொறித்துத் தந்தது தொழிற்சாலை. பெயர்களை எழுத வேண்டியவர்கள் நாம். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதைச் செய்தல் நலம்.