குசினிப் புகையும் பத்மாவதி அம்மையாரின் ஆய்வும்

சுருட்டுப் புகையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். குசினிப் புகையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்தத் தீவில் பிறந்திருந்தாலும், எம்மில் பலர் வளர்ந்தது பனை எரிந்த அடுப்பின் பக்கத்தில்தான். காய்ந்த ஓலை, கங்குமட்டை, பன்னாடை, கொக்காரை, ஊமல் என்று பனையில் எரிக்காமல் விட்ட பாகம் எதுவுமில்லை. மாரி காலத்தில் விறகு நனைந்துவிட்டால் குசினிக்குள் முகம் தெரியாது. அதற்குள் இருந்துதான் அம்மாவும் அம்மம்மாவும் நெல் அவித்தார்கள், கூழ் காய்ச்சினார்கள். ஐம்பது வயதில் அவர்களுக்கு மூச்சு வாங்கியபோது “தொய்வு, பரம்பரை” என்று சொல்லி முடித்துவிட்டோம்.

அந்த மூச்சிரைப்பு ஏன் வந்தது என்று தேடியவர்களுள் ஒருவர் தமிழ்ப் பெண். அவரது பெயர் எம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே இம்மலரில் இதை எழுதுகிறோம்.

சிவராமகிருஷ்ண ஐயர் பத்மாவதி 1917இல் பர்மாவின் மக்வே நகரில் பிறந்தார். தந்தையார் அங்கு வழக்கறிஞர். பத்மாவதி ரங்கூனில் மருத்துவம் படித்தார். 1942இல் யப்பானியப் படை நெருங்கியபோது தாயுடனும் சகோதரிகளுடனும் கடைசி நேரத்தில் விமானம் ஏறிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். ஆண்கள் பின்தங்கிவிட்டார்கள். யுத்தம் முடியும்வரை குடும்பம் ஒன்றுசேரவில்லை. 1990களில் தீவுகளை விட்டு வெளியேறிய எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

யுத்தத்துக்குப் பின் பிரித்தானியாவில் மேற்படிப்பு. பின்னர் அமெரிக்காவில் ஹெலன் டவுசிக், போல் டட்லி வைட் ஆகியோரிடம் இதயநோய் பயின்றார். 1953இல் டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளரானார். பெண்கள் படிக்கவும் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கவும் எழுந்த கல்லூரி அது. அது இல்லாமல் இந்த ஆய்வு பிறந்திருக்குமா என்பது எமக்குச் சந்தேகமே. வாட்டில் வரிசையாகப் பெண்களே படுத்திருந்தால்தானே, பெண்களுக்கு வரும் நோய் கண்ணில் படும்!

1959இல் பத்மாவதியும் பதக் என்னும் மருத்துவரும் ‘சர்க்குலேஷன்’ என்ற அமெரிக்க இதய மருத்துவ சஞ்சிகையில் 127 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நோயின் பெயர் கோர் பல்மொனாலே. நுரையீரல் நாட்பட்டுக் கெட்டுப்போனால் அதற்குள் இரத்தத்தைத் தள்ள இதயத்தின் வலது பக்கம் மிகவும் பாடுபட வேண்டிவரும். முதலில் அப்பகுதி தடிக்கும். பிறகு களைத்து விரியும். கால் வீங்கும், வயிறு வீங்கும், உதடு நீலம் பாரிக்கும். மேனாட்டுப் புத்தகங்களில் இது சிகரெட் பிடிக்கும் வயதான ஆண்களின் நோய். டில்லியிலோ பெண்களும் பெருமளவில் வந்தார்கள், அதுவும் ஆண்களைவிட இளவயதில். அவர்களுள் புகைபிடித்தவர்கள் மிகச் சிலரே. திரும்பத் திரும்ப வரும் நெஞ்சுச் சளியோடு, வறட்டியும் விறகும் எரியும் அடுப்புப் புகையும் காரணமாகலாம் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள்.

அதன் பிறகு நீண்ட காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படி ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? 1980களின் தொடக்கத்தில்தான் கேர்க் ஸ்மித் என்ற அமெரிக்கரும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலில் சிறு கருவியைப் பொருத்தி, அவர்கள் சுவாசிக்கும் தூசியை அளந்தார்கள். தமிழ்நாட்டில் அவ்வேலையைத் தொடர்ந்தவர் சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவும் சேர்ந்த பெரிய ஆய்வொன்றில் 3,200 கர்ப்பிணிகள் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு இலவசமாக எரிவாயு அடுப்பு கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளிவந்த முடிவின்படி குழந்தைகளின் பிறப்பு நிறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிட்டார்களே, அதை மெச்சுகிறோம். பல வருடம் புகை குடித்த நுரையீரலின் கதை வேறு. 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

எங்கள் பக்கத்தில் எரிவாயு வந்து, பிறகு போய், பிறகு வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் இல்லை. 2022 நெருக்கடியில் சிலிண்டர் இல்லாமல் நாடு முழுவதுமே விறகுக்குத் திரும்பியது. தீவுக்குச் சிலிண்டர் கடல் கடந்தே வரவேண்டியிருப்பதால், நெடுந்தீவில் விறகடுப்பை ஒருவரும் இடித்துப்போடமாட்டார்கள். இடிக்கச் சொல்லவும் மாட்டோம். கூரையடியில் புகை போக வழி, காய்ந்த விறகு, அடுப்படியில் பிள்ளையை மடியில் வைத்திராமை என்பவற்றையே கேட்கிறோம். புகை போக்கி இருந்தாலும் புகை முழுதாகப் போகாதுதான்.

பத்மாவதி அம்மையார் தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்தார். 1992இல் பத்மவிபூஷண் பெற்றார். 2020 ஓகஸ்ட் 29இல், 103ஆவது வயதில், கொவிட் தொற்றினால் காலமானார். மூச்சிரைக்கும் அம்மா ஒருவர் எங்களில் யாரிடம் வந்தாலும் “சுருட்டுப் பிடிப்பீங்களோ” என்பதோடு “எதில சமைக்கிறீங்கள், எத்தனை வருசமா?” என்றும் கேட்கிறோம். பெரும்பாலும் கையைத்தான் விரித்துக் காட்டுவார்கள். வருசத்தை யார் எண்ணி வைத்தார்கள்?