எரிந்த மூலமும் எஞ்சிய படியும்: அயர்லாந்து, ஸ்காட்லாந்து குடிவழி ஆய்வில் உடன் ஆய்வாளர் பங்கு

முன்னுரை

ஒரு குடும்பத்தின் முன்னோரை ஆவணங்களின் வழியே தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கித் தேடிச் செல்வதைக் குடிவழி ஆய்வு என்பர். மேலைநாடுகளில் இத்துறை நெடுங்காலம் உயர்குடியினரின் பெருமைக்குச் சான்று தேடும் முயற்சியாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் உழவர், கூலித் தொழிலாளர், புலம்பெயர்ந்தோர் ஆகியோரின் வழிவந்தோரும் தம் முன்னோரைத் தேடத் தலைப்பட்டனர். அயர்லாந்தில் அவர்கள் எதிர்கொண்ட பெருந்தடை, எரிந்துபோன ஓர் ஆவணக் காப்பகமாகும். மூல ஆவணம் அழிந்தபின், பிறர் தத்தம் தேவைக்காக எழுதி வைத்த படிகளும் குறிப்புகளுமே சான்றாக நின்றன. அவை எவருடைய முன்னோரை மீட்டுத் தந்தன, எவரை விட்டுவிட்டன என்பதை அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இரு நாடுகளின் நிலையையும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காப்பக அழிவு

டப்ளின் நகரில் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ எனப்படும் நீதிமன்ற வளாகத்தில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் இயங்கி வந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று நிகழ்ந்த வெடிப்பிலும் தீயிலும் அதன் ஆவணக் கருவூலம் அழிந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் சேர்ந்திருந்த அரசு ஆவணங்களும், உயில்களும், அங்கு ஒப்படைக்கப்பட்டிருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளும் எரிந்தன. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும், சில பகுதிகள் நீங்கலாக, அவற்றோடு அழிந்தன.

எனினும் அழிவு முழுவதையும் தீயின்மேல் ஏற்றுதல் பொருந்தாது. 1861, 1871 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் அரசாணைப்படி முன்னரே அழிக்கப்பட்டுவிட்டன. 1881, 1891 ஆகிய ஆண்டுகளின் ஏடுகள் முதல் உலகப் போர்க்காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. ஆதலின் நாடு முழுமைக்கும் எஞ்சியுள்ள மிகப் பழைய கணக்கெடுப்பு 1901ஆம் ஆண்டினதே. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே தொகையினர் நாட்டை விட்டு வெளியேறினர். அம்மக்களை வீடுவாரியாகப் பெயர் சுட்டிக் காட்டிய 1841ஆம் ஆண்டு ஏடுகள் இன்று இல்லை என்பதே இவ்விழப்பின் பொருள்.

கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் காப்பகத்தில் ஒப்படைக்கப்படாமல் அந்தந்தப் பங்கிலேயே இருந்தமையால் தப்பின. அவற்றின் நுண்படச் சுருள்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் கட்டணமின்றி வெளியிட்டது.

படியே மூலமாதல்

தீக்கு முன்பு அக்காப்பகத்தில் ஆய்வு செய்தோர் எடுத்த குறிப்புகள் தீக்குப் பின்பு புதிய மதிப்புப் பெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சர் வில்லியம் பெத்தம், 1800க்கு முற்பட்ட தலைமைத் திருச்சபை நீதிமன்ற உயில்களிலிருந்து பெயர், உறவுமுறை, ஆண்டு ஆகியவற்றைச் சுருக்கி எழுதி வைத்தார். உயில்கள் எரிந்தன, அவருடைய குறிப்பேடுகள் எஞ்சின. ஆர்தர் விக்கர்ஸ் 1897இல் வெளியிட்ட அவ்வுயில்களின் பெயரடைவும் இவ்வகையினதே. டெனிசன் குரோவ்ஸ் போன்ற தொழில்முறை ஆய்வாளர்கள் பிறருக்காக எடுத்த படிகளை, வட அயர்லாந்தின் புதிய ஆவணக் காப்பகம் பின்னர்த் தேடிப் பெற்றுச் சேர்த்தது. ஏட்டுச்சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இந்நிலை புதிதன்று. மூல ஏடு மறைந்தபின் படியெடுத்தவரின் கைப்பிழையும் சேர்ந்தே நமக்கு வந்து சேர்கிறது.

ஆயின் இக்குறிப்புகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து வைத்திருந்தோரின் உயில்களே தலைமைத் திருச்சபை நீதிமன்றத்துக்கு வந்தன. நிலமற்ற உழவனுக்கு உயில் இல்லை. உயில் இல்லாதவனுக்குப் பெத்தத்தின் குறிப்பேட்டில் இடமில்லை.

எளியோரின் சுவடு வேறோரிடத்தில் எஞ்சியது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுபது அகவை நிறைந்த வறியோர்க்கு 1909 முதல் வாரந்தோறும் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கப்பட்டது. அயர்லாந்தில் பிறப்பு, இறப்பு ஆகியவற்றின் பொதுப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. ஆகவே அகவையை மெய்ப்பிக்க இயலாத முதியோர், தம் பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்து, 1841 அல்லது 1851 கணக்கெடுப்பில் தம்மைத் தேடித் தருமாறு வேண்டினர். எழுத்தர் ஏட்டைப் புரட்டிக் கண்டதை விண்ணப்பத் தாளிலேயே குறித்தார். ஏடுகள் எரிந்தன, அத்தாள்களுள் பல எஞ்சின. தேடல் பயனளிக்காத தாளிலும் விண்ணப்பித்தவர் கூறிய பெற்றோர் பெயர்கள் உள்ளன. வறுமையை மெய்ப்பிக்க எழுதப்பட்ட தாள் இன்று குடிவழிச் சான்றாகிவிட்டது.

ஸ்காட்லாந்தின் நிலை

ஸ்காட்லாந்தில் பொதுப் பதிவு 1855இல் தொடங்கியது. இறப்புப் பதிவில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், அவளது பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் இடம்பெறும். அயர்லாந்தின் அக்கால இறப்புப் பதிவில் பெற்றோர் பெயரே இடம்பெறவில்லை. 1855க்கு முந்தைய காலத்துக்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகள் உள்ளன; அவற்றுள் மிகப் பழையது 1553இல் தொடங்குகிறது. ஆனால் அவற்றில் பதிவது கட்டாயமன்று. பிற சபையினர் பலர் விடுபட்டனர்.

இவ்விடைவெளியை நிரப்பியோர் கல்லறை வாசகங்களைப் படித்தெழுதிய ஆர்வலர்கள். ஜான் ஃபௌலர் மிட்செலும் ஷீலா மிட்செலும் 1855க்கு முற்பட்ட வாசகங்களை மாவட்டவாரியாகத் தொகுத்தனர். 1953இல் தோன்றிய ஸ்காட்லாந்துக் குடிவழிச் சங்கம் அத்தொகுதிகளை வெளியிட்டது. கல்லெழுத்து மழையிலும் காற்றிலும் தேய்ந்தழியும்போது அத்தொகுப்பே சான்றாக நிற்கிறது.

பஞ்சத்துக்குத் தப்பிக் கிளாஸ்கோவில் குடியேறிய ஐரிஷ் குடும்பங்களின் ஆய்வில் இரு நாட்டு ஆவணங்களும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பு இவர்களின் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற அளவிலேயே குறிக்கும். 1845ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் கீழ் உதவி கேட்டு வந்தவரிடமோ, குடியிருப்பு உரிமை உண்டா என்று அறியப் பிறந்த ஊர், பெற்றோர் பெயர் ஆகியவை கேட்கப்பட்டன. உரிமையற்றோரை அயர்லாந்துக்குத் திருப்பி அனுப்பவும் இயலும் என்பதே இவ்விசாரணைக்குக் காரணம். 1851 முதலான அவ்விண்ணப்பங்கள் கிளாஸ்கோ நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவை காட்டும் ஊரைக் கொண்டு, 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிஃபித் நில மதிப்பீட்டிலும், பின்னர்க் கத்தோலிக்கப் பங்குப் பதிவேட்டிலும் தேடலைத் தொடரலாம். ஒருவர் ஓரூரில் இருந்துகொண்டு இவை அனைத்தையும் தேடுதல் அரிது. அங்கங்குள்ள ஆய்வாளர்கள் உருவாக்கிய பெயரடைவுகளே இவ்வழியை இணைக்கின்றன.

சென்னைத் தொடர்பு

கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த ஐரிஷ், ஸ்காட்லாந்து வீரர்களின் சுவடும் படிகளிலேயே தேடப்படுகிறது. சென்னை மாகாணத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான அவை பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. 1998இல் தோன்றிய பிரித்தானிய இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தன்னார்வலர்கள் இத்தகைய பதிவுகளை எழுத்துப்பெயர்த்துப் பெயரடைவு செய்து வருகின்றனர். ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் வெளியிட்ட சென்னைக் கல்லறை வாசகத் தொகுப்பும் இவ்வாய்வுக்குத் துணைபுரிகிறது.

பகிர்வும் ஐயமும்

பகிர்வில் இடரும் உண்டு. ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடும் வழக்கம் பரவலாக இருந்தது. இதனால் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், ஒரே பெயருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பலர் வாழ்ந்தனர். ஒருவரை மற்றொருவராகக் கொண்டு ஓர் ஆய்வாளர் வரைந்த கொடிவழியைப் பலர் சரிபாராது படியெடுத்தால், பிழை பெருகும். பலர் கூறுவதனாலேயே அது மெய்போலவும் தோன்றும். ஆதலால் ஒவ்வோர் இணைப்புக்கும் சான்று யாது, மூலமா, படியா, செவிவழிச் செய்தியா என்று உடன் ஆய்வாளர் எழுப்பும் வினாவும் உதவியேயாகும்.

முடிவுரை

ஹெர்பர்ட் வுட் 1919இல் வெளியிட்ட பொது ஆவணக் காப்பக வழிகாட்டி, எரிந்தவை எவை என்பதற்கு இன்று முதன்மைச் சான்றாக விளங்குகிறது. அதனைச் சட்டகமாகக் கொண்டு, பல நாட்டுக் காப்பகங்களில் சிதறிக் கிடந்த படிகளைத் திரட்டி, டப்ளின் டிரினிட்டி கல்லூரி தலைமையிலான ஆய்வுக்குழு இணையவழி ஆவணக் கருவூலம் ஒன்றை 2022 ஜூன் 27இல் தொடங்கியது. தனியொருவர் தம் பெட்டியில் வைத்திருந்த குறிப்பு நூறாண்டுக்குப் பின் ஒரு நாட்டின் நினைவுக்குத் துணையாயிற்று. ஆயினும் எவருமே படியெடுக்காத பெயர்கள் மீளவில்லை. சொத்துடையோரை ஆய்வாளர்கள் தேடிச் சென்று எழுதினர். எளியோரோ உதவி கேட்டு வந்தபோது மட்டுமே எழுதப்பட்டனர். குடிவழி ஆய்வில் சான்றின்மை என்பது முன்னோரின்மை ஆகாது. எழுதப்படாதோர் எவர், ஏன் என்று கேட்பதும் ஆய்வாளரின் கடனாகும்.