அடைமொழியும் புள்ளடியும்: செட்டிகுளத்துத் தேர்தற் பிரசுரங்கள் குறித்து ஒரு நோக்கு

அரசாங்க ஏடுகளில் இப்பகுதியின் பெயர் வெண்கலச் செட்டிகுளம். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் அம்முழுப் பெயரையே தாங்கி நிற்கின்றன. மதவாச்சியிலிருந்து தலைமன்னார் செல்லும் புகையிரதப் பாதையிலுள்ள நிலையத்துக்கோ செட்டிகுளம் என்பதே போதும். ஊரவர் நாவுக்கும் அதுவே போதும். ஏட்டில் நிலைபெறும் அடைமொழி பேச்சில் உதிர்ந்துவிடுகின்றது. தேர்தற் பிரசுரங்களின் மொழியை ஆராயப் புகுவோர் முதலில் மனங்கொள்ளத்தக்க உண்மை இது.

வன்னிப் பகுதியின் உள்ளூர்த் தேர்தல்களில் வழங்கிவந்த துண்டுப் பிரசுரங்களின் அமைப்பு நாம் யாவரும் அறிந்ததே. ‘பேரன்புடையீர்’ என்னும் விளி முதலில் வரும். அபேட்சகரின் குடிப்பிறப்பு, கோயிற்றொண்டு, பாடசாலைக்கு அவர் செய்த உதவி, எளியோர்பால் அவர் கொண்ட இரக்கம் ஆகியன அடுக்குமொழியிற் பெருகிச் செல்லும். தாளின் முக்காற் பங்கு கடந்த பின்னரே ‘ஆகவே’ என்னும் சொல் தோன்றும். இன்ன சின்னத்துக்கு நேரே புள்ளடி இடுக என்பது அதன்பின் ஒரே வரி. ‘இங்ஙனம், ஊர்ப் பெரியோர்’ என்பதும் சில பெயர்களும் அடியில் நிற்கும். இதனை வெறும் சொற்பெருக்கென்று ஒதுக்கிவிடுதல் எளிது. நம் ஆய்வாளர் பலரும் அவ்வாறே ஒதுக்கியுள்ளனர். விஞ்ஞாபனங்களும் தீர்மானங்களும் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பகுதியையேனும் இப்பிரசுரங்கள் பெற்றதில்லை. ஆயின் சொல் எங்கே பெருகுகிறது, எதைச் சொல்லாதொழிவதற்காகப் பெருகுகிறது என்று வினவுவோமாயின், விஞ்ஞாபனங்கள் காட்டாத வரலாறொன்றை இவை காட்டும்.

புகழை முன்னிறுத்திச் செய்தியைப் பின்னிறுத்தும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. முதலாம் இராசராசன் (985–1014) காலந்தொட்டுச் சோழர் சாசனங்கள் நீண்ட மெய்க்கீர்த்தியோடு தொடங்கலாயின. மன்னனின் வெற்றிகளை எல்லாம் கடந்து வந்த பின்னரே நிலக்கொடையோ விளக்குத் தானமோ கூறப்படும். இராசராசனுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரில் வெட்டப்பட்ட சாசனங்களோ வேறு வகையின. தேர்தல் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய ஆவணங்களுள் தலையாயவை அவையே. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கும் முறையை அவை விதிக்கின்றன. நிலம், மனை, வயது, கல்வி என்பன தகுதிகள். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவர்தம் நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். அபேட்சகர் எவரையும் புகழ அங்கே இடமில்லை. குடத்தினுள்ளே செல்வது பெயர் ஒன்றே. அந்தணர் சபையொன்றின் குறுகிய உரிமையை இன்றைய குடியாட்சிக்கு முன்னோடியெனப் பாராட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் பொதுப்பணிக்கு வருவோரிடம் முதலிற் கேட்க வேண்டியது கணக்கு என்பதை அச்சாசனம் அறிந்திருந்தது. மெய்க்கீர்த்தி மரபு நம் பிரசுரங்களுக்கு இறங்கி வந்தது. கணக்குக் கேட்கும் மரபு வரவில்லை.

இலங்கையில் 1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. எழுத்தறியாதோர் பெருந்தொகையினராய் இருந்தமையால், அரசாங்க சபைத் தேர்தல்களில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு நிறம் ஒதுக்கப்பட்டு, அந்நிறப் பெட்டியில் வாக்குச் சீட்டு இடப்பட்டது. பின்னர் நிறம் நீங்கிச் சின்னம் வந்தது. வாக்காளர் அறிய வேண்டிய செய்தி நிறமோ சின்னமோ ஆகிய ஒரு சொல்லில் அடங்கிவிட்டபோது, பிரசுரத்தின் எஞ்சிய இடம் முழுவதும் புகழுக்கு உரியதாயிற்று. மேலும், எழுத்தறிந்த ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் சூழலில் பிரசுரம் செவிக்கென எழுதப்பட வேண்டியதாயிற்று. மோனையும் அடுக்கும் அங்கே பயனற்ற அணிகள் எனல் பொருந்தாது. வாசிப்போன் மூச்சை நிறுத்தவும் கேட்போன் நினைவிற் பதிக்கவும் அவை உதவின.

வவுனியாத் தொகுதியின் பாராளுமன்ற வரலாறு சொல்வன்மை மிக்க ஒருவரோடு தொடங்குகின்றமை கருதற்பாலது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராய் இருந்த செ. சுந்தரலிங்கம் 1947 இல் சுயேச்சையாக வென்று, டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். இந்திய வம்சாவளியினரின் பிரசாவுரிமை தொடர்பான சட்டம் வந்தபோது 1948 டிசெம்பரிற் பதவி துறந்தார். நீண்ட கடிதங்களும் அறிக்கைகளும் எழுதுவதில் அவருக்கு இணையானோர் அக்காலத்திற் சிலரே. அவற்றுட் பன்னிரண்டைத் தொகுத்து 1967 இல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூல், ஈழம் என்னும் எண்ணக்கருவின் வரலாற்றை ஆராய்வோர் தவிர்க்க இயலாதது. கட்சியின் துணையின்றி நின்ற அவருக்குச் சொல்லே கட்சியாய் அமைந்தது எனலாம். ஆயினும் 1960 மார்ச்சில் இதே தொகுதி அவரைக் கைவிட்டு த. சிவசிதம்பரத்தைத் தெரிவுசெய்தது. ஒருவரது சொல் நாடெங்கும் கேட்பதும் தொகுதியில் அவருக்கு வாக்கு விழுவதும் வெவ்வேறாகும்.

பாராளுமன்றத் தேர்தலினும் கிராமசபைத் தேர்தலிலேயே அடைமொழியின் இயல்பு தெளிவாய்த் தெரிகின்றது. கிராமசபைகள் 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் புத்துயிர் பெற்றவை. வண்டிப்பாதை, பொதுக்கிணறு, சந்தை, சுடலை என்பனவே அவற்றின் பணிப்பரப்பு. வருமானமோ சிறிது. வன்னியின் உயிர்நாடியாகிய குளங்களிற் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கையிலும் காணிகள் கச்சேரியின் கையிலும் இருந்தன. ஆகவே உழவன் ஒருவனுக்கு மிக வேண்டிய நீரையும் நிலத்தையும் கிராமசபை அபேட்சகர் தருவதாகச் சொல்ல இயலாது. சொன்னால் எவரும் நம்பார். செய்யத்தக்க செயல் சுருங்கிய இடத்தில் ஆளின் குணம் விரிந்தது. ‘பரோபகாரி’, ‘பண்பாளர்’, ‘நடுநிலை தவறாதவர்’ என்பன அதிகாரமற்ற சபையொன்றுக்கு ஆள் தேடும் மொழி. சபைக்கு அதிகாரம் கொடாத ஆட்சிமுறையே இப்பிரசுரங்களின் முதல் ஆசிரியன் என்பது என் கருத்து.

அடியிற் காணும் கையொப்பங்களே பிரசுரத்தின் மெய்யான செய்தி. வட்டாரமொன்றில் அபேட்சகரை அறியாதார் இலர். அவர் பண்பாளரா அல்லரா என்பதைத் தாள் பார்த்து அறிய வேண்டியதில்லை. எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் நிற்கிறது, கோயில் முகாமையாளரும் பள்ளிவாசல் நிருவாகத்தினரும் ஒரே தாளிற் சேர்ந்து ஒப்பமிட்டார்களா, சென்றமுறை எதிர்த்தவர் இம்முறை இணங்கினாரா என்பனவே ஊரவர் தேடும் செய்திகள். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் செட்டிகுளத்தில் இவ்வொப்பங்களின் வரிசை பெரிதும் பொருளுடையது. பிரசுரத்தை அடியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கும் வழக்கம் அங்ஙனம் உண்டாயிற்று. தேர்தற் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் தாளில் இருத்தல் வேண்டுமென்று விதித்ததும், பொறுப்பு அடியில் நிற்பவரைச் சாரும் என்பதனாலேயாம்.

இனி, அவ்விளியில் அடங்காதோரை நோக்குவோம். ‘எமது கிராமத்துப் பெருமக்களே’ என்று பிரசுரம் அழைக்கும்போது அதனைக் கேட்டோர் அனைவரும் வாக்காளர் அல்லர். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களும் 1949 இன் தேர்தற் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தன. தோட்டங்களில் வாழ்வு நலிந்தும், 1958 இலும் 1977 இலும் நிகழ்ந்த வன்செயல்களால் துரத்தப்பட்டும் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய மலையகத் தமிழருட் பலர் நாடற்றோராகவே இருந்தனர். வாக்காளர் இடாப்பில் அவர்தம் பெயர் இல்லை. ஆகலின் பிரசுரத்தில் அவர்க்கென ஒரு வரியும் எழுதப்பட வேண்டியதில்லை. அவர்கள் உழைப்பால் வயல் விளைந்தது. கிராமசபையின் பாதையில் அவர்கள் நடந்தனர். ‘மக்கள்’ என்னும் சொல் பெரிதாய் ஒலிக்க ஒலிக்க, அதற்குள் எவர் அடங்கார் என்னும் வினா எழாமலே போயிற்று. நாடற்றோர் சிக்கலை ஏறத்தாழ முற்றாகத் தீர்த்த சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. இத்தொகுதியின் முதற் பிரதிநிதி பதவி துறந்ததும் இவ்வினாவுக்காகவே என்பதை நினைக்குந்தோறும், அவரது நீண்ட கடிதங்களை வெறும் சொற்பெருக்கென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1977 ஜூலைத் தேர்தலில் உதயசூரியன் சின்னத்தின் கீழ் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வவுனியா வாக்களித்தது. அப்போதைய பிரசுரங்களின் விளி ஊரைக் கடந்து இனத்தை நோக்கிற்று. தமிழகத்து மேடைத்தமிழின் சாயலும் அதிற் படிந்திருந்தது. 1981 இற் கிராமசபைகளே ஒழிக்கப்பட்டன. பிரதேச சபைச் சட்டம் 1987 இல் நிறைவேறிய போதும், கிழக்கிலும் வவுனியாவிலும் உள்ளூராட்சித் தேர்தல் நடத்த 1994 மார்ச்சு வரை செல்லவேண்டியதாயிற்று. போரின் அவ்வாண்டுகளில் எவர் எதனை எழுதலாம் என்பதைத் தீர்மானித்தவர் வாக்காளர் அல்லர்.

2009 இல் செட்டிகுளம் உலகச் செய்தியாயிற்று. போரின் இறுதியில் இடம்பெயர்ந்தோரில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மெனிக் பாமில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவ்விடத்துக்கு அரசு இட்ட பெயர் நலன்புரி நிலையம். அதன் பிரிவுகள் கதிர்காமர், ஆனந்தக் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எனத் தமிழ்ப் பெரியார் பெயர்களைத் தாங்கின. அவருள் சேர். பொன். இராமநாதன் டொனமூர்க் குழுவினர் விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்து 1930 இல் இலண்டன்வரை சென்றவர் என்பதைப் பெயரிட்டவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். அடைமொழியும் பெரும்பெயரும் இத்துணைக் கொடிய பணிக்கு இப்பகுதியில் வேறெப்போதும் பயன்பட்டதில்லை. 2009 ஆகத்து 8 ஆம் நாள் வவுனியா நகரசபைக்குத் தேர்தல் நடந்தபோது நகரிற் சுவரொட்டிகள் நிறைந்திருந்தன. சில மைல் தொலைவில் ஒரு பெருநகரத்தளவான மக்கள்கூட்டம் வெளியே செல்ல அனுமதிக்காகக் காத்திருந்தது. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

விகிதாசார முறையும் விருப்பு வாக்கும் வந்தபின் சுவரொட்டியின் நடுவே பெரிதாய் நின்றது இலக்கம். ஒரே கட்சியின் அபேட்சகர்கள் தம்முட் போட்டியிட நேர்ந்தமையால், சின்னம் பொதுவாகி இலக்கமே ஒருவரை ஒருவரினின்று பிரித்துக் காட்டிற்று. நீண்ட வேண்டுகோள் சுருங்கி ஒளிப்படமும் எண்ணும் எஞ்சின. தமிழ் செம்மையுற்றதால் நேர்ந்த சுருக்கம் அன்று இது. வாக்குச் சீட்டின் அமைப்பு மாறியதால் நேர்ந்தது. 2018 பெப்ரவரி 10 இல் வட்டார முறையும் விகிதாசாரமும் கலந்த முறையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. 2025 மே 6 இலும் அம்முறையே பின்பற்றப்பட்டது. வட்டாரத்துக்கு ஓர் ஆள் என்னும் நிலை மீண்டதும் இலக்கம் நீங்கியது. ‘சமூகசேவையாளர்’, ‘சமாதான நீதவான்’, ‘தேசகீர்த்தி’ என்னும் பட்டங்கள் பெயர்களின் முன்னே வந்து அமர்ந்தன; அடியிலே ஊரவர் பெயர்களும் மீண்டன. சென்ற சபையின் வரவு செலவு இன்னும் தனித்தாளில், பிரதேச சபை அலுவலகத்தின் அறிவித்தற் பலகையில்தான் இருக்கிறது.