28 ஆண்டு கழித்து வந்த பாராட்டு

1982-ஆம் ஆண்டை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'சகலகலா வல்லவன்' வந்த ஆண்டு. அந்தப் படத்தின் புத்தாண்டுப் பாட்டை இன்றைக்கும் டிசம்பர் 31 இரவு எங்காவது ஒலிபெருக்கியில் போடாமல் இருப்பதில்லை. ஊரெல்லாம் டிஸ்கோ மோகம்.

அதே ஆண்டு பம்பாயில் சரண்ஜித் சிங் என்பவர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ஆர்.டி. பர்மன் போன்ற இசையமைப்பாளர்களின் குழுவில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துப் பழுத்தவர். டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள். தபலா கிடையாது, பாட்டும் கிடையாது. ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி செய்த மின்னணுக் கருவிகள் மட்டுமே. அதில் வரும் பூபாளி, யமன், மால்கௌன்ஸ் எல்லாம் நமக்கு மோகனம், கல்யாணி, இந்தோளம் என்று பழக்கமானவைதான்.

தட்டு விற்கவில்லை. என் கணிப்பில், கச்சேரி ரசிகருக்கு அது டிஸ்கோ, டிஸ்கோ ரசிகருக்கு அது கச்சேரி. இரண்டு பக்கமும் சேராமல் போயிற்று.

அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று டிபி-303. தனியாகக் கிட்டார் வாசிப்பவருக்குப் பேஸ் துணையாக இருக்கட்டும் என்று செய்தது. உண்மையான பேஸ் கிட்டார் போல ஒலிக்காததால் எடுபடவில்லை. 1984-இல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. கமகத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். ராகம் வாசிக்க அது தோதாக இருந்திருக்கும்.

பிறகு அமெரிக்காவில் சிகாகோ இளைஞர்கள் அந்தக் கருவியைப் பழைய விலைக்கு வாங்கி, அதன் விசித்திர ஒலியை வைத்தே புது நடன இசை செய்தார்கள். 1987-இல் பியூச்சர் என்ற குழுவின் தட்டு வந்தது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற அந்த வகை ஐரோப்பா முழுக்கப் பரவியது.

நெதர்லாந்துக்காரர் எடோ பௌமன் சிங்கின் தட்டை டெல்லியில் கண்டெடுத்து 2010-இல் மறுபடி வெளியிட்டார். கேட்ட சிலர், யாரோ இன்று செய்துவிட்டுப் பழசு என்று ஏமாற்றுகிறார்கள் என்றே சந்தேகப்பட்டார்கள். உண்மை தெரிந்ததும் ஆசிட் ஹவுஸின் முன்னோடி என்று கொண்டாடினார்கள். எழுபதை ஒட்டிய வயதில் வந்த பாராட்டு அது. ஐரோப்பிய மேடைகளிலும் வாசித்தார். 2015 ஜூலையில் காலமானார்.

இந்தப் பாராட்டிலும் எனக்கு ஒரு குறை. சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டதற்குச் சான்றில்லை, இவரும் அவர்களை நினைத்து வாசிக்கவில்லை. அவர் வாசித்தது ராகம். அதை எப்படி வாசித்தார் என்று பேசியவர்கள் குறைவு. அது நம்மால் முடியும். அந்த மால்கௌன்ஸை ஒருமுறை கேளுங்கள், இந்தோளம் தெரிகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தே முடி நரைத்தவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பு நன்றாக இருந்தால் அன்றைக்கே மேடையோரம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோமே. இருபத்தெட்டு ஆண்டு எல்லோருக்கும் கிடைக்காது.