மினமாட்டா: சேற்றுக்குப் போட்ட கணக்கு

மினமாட்டா என்றதும் கை கால் முறுக்கிக் கிடக்கும் நோயாளிகளின் படங்கள்தான் நினைவுக்கு வரும். எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது அந்தக் கதையின் கடைசியில் வரும் ஒரு கணக்கு.

பின்னணி சுருக்கமாக. ஜப்பானில் சிஸ்ஸோ ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசத்தை வினையூக்கியாக வைத்து அசிட்டால்டிஹைடு தயாரித்தது. கழிவு கடலுக்குப் போனது. மெத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் நரம்பு மண்டலத்துக்கு ஏறியது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலைதான் காரணம் என்று அரசு சொன்னது 1968 செப்டம்பரில். அதற்குள் அந்த உற்பத்தியே நின்றுவிட்டது!

ஆலை நிறுத்தினாலும் விரிகுடாவின் அடியில் சேறு அப்படியே கிடந்தது, சில இடங்களில் 4 மீட்டர் கனத்துக்கு. என்ன செய்வது? அப்படியே விட்டால் மீன் விஷமாகவே இருக்கும். தூர்வாரினால் சேறு கலங்கி, அடங்கிக் கிடந்த பாதரசம் மறுபடி பரவலாம். 1977-ல் வேலை தொடங்கியதும் உள்ளூர் மக்கள் இந்த பயத்தைச் சொல்லித்தான் நீதிமன்றம் போனார்கள். 1980-ல் மனு தள்ளுபடியாகும்வரை வேலை நின்றுபோனது.

கடைசியில் செய்தது இரண்டும் கலந்த ஒன்று. அதிகம் கெட்டுப்போன உட்பகுதியை எஃகுச் சுவரால் அடைத்தார்கள். மற்ற இடத்துச் சேற்றைக் கலக்காமல் உறிஞ்சி அதற்குள் கொட்டி, மேலே மண் போட்டு மூடினார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு, 58 ஹெக்டேர் புது நிலம், 4,850 கோடி யென். 1990-ல் முடிந்தது. பாதரசம் 25 பிபிஎம்முக்கு மேல் இருந்த சேறு மட்டும்தான் இந்தத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்குக் கீழே இருந்தது கடலிலேயே இருக்கட்டும் என்பது முடிவு. அதாவது, இவ்வளவு ஆபத்தோடு வாழலாம்னு யாரோ ஒரு கோடு போட்டார்கள்.

இனி கணக்கு. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பான் நிபுணர் குழு ஒன்று மினமாட்டா விரிகுடா வட்டாரத்தின் சேதத்தை ஆண்டுச் சராசரியாக மதிப்பிட்டது. நோயாளிகளுக்கான இழப்பீடு 767.1 கோடி யென், சேறு அகற்றல் 427.1 கோடி, மீன்வளம் 68.9 கோடி. மொத்தம் 1,263.1 கோடி. முன்கூட்டியே தடுத்திருந்தால் ஆண்டுச் செலவு? 12.3 கோடி.

நூறு மடங்கு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று இதுல இருக்கு. 1959-ல் ஆலை தரப்பு வாதம் "இன்னும் நிரூபணமாகவில்லை" என்பது. சரி, ஆலை காரணமாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்றே வைத்துக்கொள்வோம். 1,263.1 கோடியில் நூற்றில் ஒரு பங்கு 12.63 கோடி. அப்போதும் தடுப்பதுதான் லாபம். நிரூபணத்துக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை.

ஆனால் 1959-ல் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இதே விடை வந்திருக்குமா? அந்த டிசம்பரில் சிஸ்ஸோ நோயாளிகளோடு போட்ட "அனுதாபப் பண" ஒப்பந்தத்தில் ஒரு சாவுக்கு 3 லட்சம் யென். பின்னால் ஆலைதான் காரணம் என்று தெரிந்தாலும் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று ஒரு ஷரத்து வேறு. 1973-ல் குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லி, ஆளுக்கு 1.6 கோடி முதல் 1.8 கோடி யென் வரை கொடுக்கச் சொன்னது. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தாலும் இது வேறு உலகம். அந்த 767.1 கோடி பொருளியலாளர்கள் கண்டுபிடித்த மதிப்பு அல்ல; நோயாளிகள் வழக்காடியும் ஆலை வாசலில் உட்கார்ந்தும் ஏற்றிய விலை. நோயாளி என்று அங்கீகாரமே கிடைக்காதவர்களின் வலி அதில் பூஜ்யம்.

அந்த 58 ஹெக்டேர் இப்போது பூங்கா. எஃகுச் சுவர் துருப்பிடிக்கும். 2016 குமமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி மறுபடி வந்தது. அடியில் இருக்கும் பாதரசத்தை எடுத்துப் பிரிக்கும் செலவு அந்த 1,263.1 கோடியில் எந்த வரியிலும் இல்லை.