கொச்சியில் வெளிநாட்டு மாணவர்கள்: கோடையில் ஆங்கிலம் பழகலாம், ஊதிய வேலை கூடாது

கொச்சி: இந்தியாவில் பயில வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று. இந்தியக் கலாசார உறவுகள் கவுன்சிலின் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போர் 500 சொற்களில் ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டும். எழுத்து கைவந்தோருக்கும் பேச்சு வசப்பட நாளாகும். அதற்கு வாய்ப்பான காலம் கோடை விடுமுறை. இக்கவுன்சில் தன் மாணவர்களுக்குக் கோடை முகாம்களும் நடத்தி வந்துள்ளது.

களமசேரியிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மெட்ரோ ரயிலில் நேராக வைட்டிலா வரலாம். பேருந்து, மெட்ரோ, வாட்டர் மெட்ரோ மூன்றும் சந்திக்கும் இடம் அது. காக்கநாடுக்கான படகுச் சேவை 2023 ஏப்ரலில் தொடங்கியது. மட்டாஞ்சேரிக்குப் பேருந்தில் செல்லலாம். அங்கு போர்ச்சுக்கீசியர் 1555-இல் கட்டிய அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களைச் சக மாணவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவது, பாடநூல் பயிற்சிகள் பலவற்றினும் பயன் தரும். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்திற்குச் சனிக்கிழமை விடுமுறை.

பேச்சுப் பழக்கத்திற்காக உணவகத்திலோ கடையிலோ ஊதியம் பெற்றுப் பணியாற்றுவது மட்டும் கூடாது. இந்திய மாணவர் விசா அதை அனுமதிப்பதில்லை. ஆங்கிலம் பயில அயர்லாந்து செல்வோர், உரிய அனுமதி பெற்றிருந்தால், ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரம் 40 மணி நேரம் பணியாற்றலாம். அங்கு படித்த நண்பர் கூறுவதை இங்கு பின்பற்றினால் விசாவுக்கே ஆபத்து.

ஜூன் தொடக்கத்தில் பருவமழை வந்துவிடும் என்பதால், வெளிப்பயணங்களை ஏப்ரல், மே மாதக் காலை வேளைகளில் வைத்துக்கொள்வது நல்லது.