முயலைப் பிடித்த நாய்தான் வென்ற நாயா?

சாத்தூர், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் காடுகளில் முயல்வேட்டை ஒரு காலத்தில் ஊர் வழக்கமாகவே இருந்தது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், கூரிய மூஞ்சி என்று சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் உடல்வாகு அந்த ஓட்டத்துக்கென்றே வாய்த்தது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் இனங்கள் இவை. மேற்கே மலையடிவாரத்தில் ராஜபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றிக்குப் போயின. எந்த நாய் கெட்டி என்பது வேட்டைக்குப் போனவர்களுக்குத் தெரியும். அதற்கு மதிப்பெண் போட்டுத் தாளில் எழுதும் தேவை இங்கே யாருக்கும் வரவில்லை.

இங்கிலாந்தில் வந்தது. அங்கே கோர்சிங் என்ற முயலோட்டத்தில் பந்தயப் பணம் புரண்டது.

லிவர்பூலில் வாட்டர்லூ என்ற ஓட்டலை நடத்திய வில்லியம் லின், 1836இல் ஆல்ட்கார் வயல்வெளியில் வாட்டர்லூ கோப்பை என்ற முயலோட்டப் போட்டியைத் தொடங்கினார். 1858இல் தேசிய கோர்சிங் கிளப் உருவாகி விதிகளை ஒழுங்குபடுத்தியது. இரண்டு கிரேஹவுண்டுகள், ஒன்றுக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை, மற்றதற்கு வெள்ளை. முயலைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்து விடுவார்கள். நடுவர் குதிரை மேலிருந்து தொடர்ந்து பார்த்து மனத்துக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போவார். வேகத்துக்கு 1 முதல் 3 புள்ளி. பின்தங்கிய நாய் நேர் ஓட்டத்தில் மற்றதைத் தாண்டி ஓர் உடல் நீளம் முன்னேறினால் 2. வெளிவட்டத்தில் சுற்றித் தாண்டினால் 3. முயலை முழுதாகத் திருப்பினால் 1, லேசாகத் திசை மாற்றினால் அரை. முயலைக் கொன்றதற்கு அதிகபட்சம் 2.

அந்த 2 புள்ளியும் உறுதி கிடையாது. ஒரு நாய் விரட்டித் திருப்பிய முயல், பின்னால் சும்மா வந்த நாயின் வாயில் போய் விழுந்தால், கவ்விய நாய்க்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். முயல் தப்பிவிட்ட ஓட்டத்திலும் நடுவர் ஒரு நாயை வென்றதாக அறிவிப்பார். அதிர்ஷ்டத்தையும் திறமையையும் பிரித்துப் பார்க்க அந்த விதிகள் பழக்கின. ஆனால் முயலின் உயிர் அந்தக் கணக்கில் வரவில்லை. அது கேள்வியானபோது இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வேட்டைத் தடைச் சட்டம் வந்தது. 2005 பிப்ரவரியோடு வாட்டர்லூ கோப்பை முடிந்தது.

இந்தியாவில் அந்தக் கேள்வி முன்பே வந்துவிட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் அட்டவணையில் சேர்த்தது. உரிமம் பெற்று வேட்டையாட அதில் இருந்த வழியை 1991இன் திருத்தம் அடைத்தது. வேலை போன நாய்கள் நாய்க் கண்காட்சி வளையத்துக்குள் வந்தன. அங்கே நடுவர் பல்லைப் பார்க்கிறார், தோளைத் தடவுகிறார், நடக்கவிட்டு நடையைக் கவனிக்கிறார். ராஜபாளையத்திடம் எதிர்பார்ப்பது வெள்ளை ரோமமும் இளஞ்சிவப்பு மூக்கும். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் சேர்ந்து வருவது அந்த இனத்தில் தெரிந்த குறை. வளையத்தில் வார்பிடித்து அழைத்துச் செல்லப்படும் நாயிடம் அந்தக் குறை எளிதில் கண்ணுக்குப் படாது. காட்டில் ஒரு குரல் கொடுத்தாலே தெரிந்துவிடும்.

1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் லைல் ஜில்லெட்டும் நண்பர்களும் வேறு வழி கண்டார்கள். வயலில் கப்பிகளை நட்டு, மோட்டார் இழுக்கும் கயிற்றில் வெள்ளைப் பிளாஸ்டிக் பையைக் கட்டி, முயல் போலவே வளைந்து வளைந்து ஓடவிட்டார்கள். அவர்கள் அமைத்த சங்கத்தின் கணக்கு 100 மதிப்பெண்ணுக்கு: வேகம் 25, லாகவம் 25, தாக்குப்பிடிக்கும் சக்தி 20, ஆர்வம் 15, இரையை ஒட்டி ஓடுவது 15. எஃப்.சி.ஐ. என்ற பன்னாட்டு நாய்ச் சங்கக் கூட்டமைப்போ ஐந்து தலைப்புகளுக்கும் தலா 20 தருகிறது. அதில் ஒன்று புத்திசாலித்தனம். வளைவைக் குறுக்கே வெட்டிப் போய் இரையை மறிக்கும் நாயை என்ன செய்வது? புத்திக்கு மதிப்பெண் தரும் நடுவர் மெச்சலாம். ஒட்டி ஓடுவதைப் பார்ப்பவர் குறைக்கலாம். எந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும்போதே எந்த மாதிரி நாய் வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட மோட்டார் பந்தயத் தடத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. எல்லைக்கோட்டை முதலில் கடந்த வண்டி வென்றது, அவ்வளவுதான். தமிழகக் கிராமங்களில் நடக்கும் நாய்ப் பந்தயங்களும் இந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டன. நேர்கோட்டில் முந்துவது வேகத்தைச் சொல்லும். முயல் திடீரென்று திரும்பும்போது கால் இடறாமல் தானும் திரும்பும் நாய் எது என்று சொல்லாது.

பன்றி வேட்டை நாய்க்கு வளைந்தோடும் பிளாஸ்டிக் பையும் நேர்கோட்டுப் பந்தயமும் இரண்டுமே பொருந்தாது. அதற்கு அமெரிக்க யுனைடெட் கென்னல் கிளப்பின் இரவு வேட்டைப் போட்டி கொஞ்சம் வழிகாட்டும். ரக்கூன் மோப்பம் பிடித்து முதலில் குரைக்கும் நாய்க்கு 100, அடுத்தவற்றுக்கு 75, 50, 25. ரக்கூன் ஏறிய மரத்தடியில் முதலில் நின்று குரைத்தால் 125. மரத்தில் விளக்கடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் அந்தப் புள்ளிகள் அப்படியே கழியும். இலை மறைவால் உறுதி செய்ய முடியாவிட்டால் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டுத் தனியே வைப்பார்கள். விலங்கைக் கொல்வதில்லை.

சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இன்று கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தில் பதிவான இனங்கள். இவற்றைக் களத்தில் சோதிப்பதென்றால் இரண்டு மதிப்பெண் தாள்கள் வேண்டும். சிப்பிப்பாறைக்கு வேகத்தோடு திருப்பமும் மூச்சும். வெயில் ஏறுமுன் இரண்டு சுற்று, இரண்டாவதில் தளர்ந்தால் அதற்கும் கணக்கு. ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் மோப்பம், குரல், கூட்டத்தோடு சேர்ந்து நிற்கும் துணிவு, அழைத்தால் திரும்பிவரும் கட்டுப்பாடு. வெறும் புதரைப் பார்த்துக் குரைத்தால் கழித்தல்.